பதினெட்டு டிகிரி அழுகை

நாயகி செத்தால் எண்பத்தேழு. பிழைத்தால் பத்தொன்பது.

சுதர்சன் சார் இதைச் சொன்னபோது அவர் கையில் இஞ்சி டீ இருந்தது. ஒருத்தியைச் சாகச் சொல்லும்போதும் டீ ஆறிவிடக் கூடாது என்பதில் அவருக்குக் கவனம். எதிரே உட்கார்ந்திருந்த இயக்குநர் தேவநேசன் சுவரில் ஒளிர்ந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்தேழுன்னா விருது உறுதி தேவா. கடைசியில அவ அவன் மடியில உயிரை விடணும். வெளியில பனி கொட்டணும். ரெண்டு நாள் ஷூட்டிங், முடிஞ்சுது."

"அவ சாகுறதுக்காக இந்தக் கதைய நான் எழுதல சார்."

"நீங்க எதுக்கு எழுதினீங்கன்னு மெய்ப்பாடு கேக்கலையே."

மெய்ப்பாடு என்பது எங்கள் இயந்திரத்தின் பெயர். உடம்பில் தெரியும் உணர்ச்சிக்குப் பழைய இலக்கணத்தில் எட்டு வகை உண்டு. சிரிப்பு, அழுகை, அச்சம், பெருமிதம் என்று போகும். சுதர்சன் சாருக்குத் தமிழ்ப் பற்று அதிகம். அதனால் கம்பெனிக்கு ஆங்கிலப் பெயரும் இயந்திரத்துக்குத் தமிழ்ப் பெயரும் வைத்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் பல ஊர், பல தொழில், பல வயது என்று ஆறாயிரம் பேரைக் கூட்டி வந்து, மணிக்கட்டில் பட்டை மாட்டி, படம் படமாகக் காட்டினார்கள். நாடி, வியர்வை, தோல் சிலிர்ப்பு எல்லாவற்றையும் பதிந்து கணினிக்குள் ஆளுக்கொரு நிழல், அதாவது அவரைப் போலவே சிலிர்க்கும் ஒரு பிரதி, உண்டாக்கினார்கள். அதற்குப் பிறகு உயிருள்ள யாரையும் எதுவும் கேட்டதில்லை. போஸ்டரோ டிரெய்லரோ முழுப் படமோ, முதலில் பார்ப்பது நிழல்கள்தான். டீ வருவதற்குள் மூன்று எண் வந்துவிடும். போஸ்டர் இழுக்குமா, டிரெய்லர் ஆளைப் பிடித்து நிறுத்துமா, விருது கிடைக்குமா.

விருது எப்படிக் கணிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு: விருது நடுவர்கள் கையிலும் இப்போது பட்டை உண்டு, எங்களிடம் அவர்களுடைய நிழலும் உண்டு. பாரபட்சம் என்று ஒரு வருஷம் பெரிய சண்டை வந்தது. அதற்குப் பிறகு பாதி மதிப்பெண் பட்டையில் வருகிறது, மீதியை அவரவர் தாளில் தனியாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். 'மனசு பொய் சொல்லும், மணிக்கட்டு சொல்லாது' என்று எங்கள் வரவேற்பறையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவர்களுக்கான காட்சியை நடத்துவதும் நாங்கள்தான். டியூஷனும் எங்களுடையது, பரீட்சையும் எங்களுடையது. இதை நான் ஒருமுறை கூட்டத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் அஞ்சுகம். புள்ளியியல் படித்தவள். திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் போனவள். உணர்வுப் பகுப்பாளர் என்று என் அடையாள அட்டையில் போட்டிருக்கிறது. மெய்ப்பாடு எண் கொடுக்கும். அது ஏன் அப்படிக் கொடுத்தது என்று நான் நோட்ஸ் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

படத்தின் பெயர் 'சீமைப் பனி'. வெள்ளைக்காரன் காலம், மலைமேல் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் மாராயிக்கும், தோட்டத்து ஆபீஸில் எழுத்தராக இருக்கும் ஆரோக்கியத்துக்கும் காதல். குளிர்காய்ச்சலில் ஆட்கள் விழுகிறார்கள். ஊருக்குத் திரும்பத் துரை விடமாட்டேன் என்கிறான். தேவநேசனின் முடிவில், மாராயி துரையின் அறைக்கே போய் எதிரே உட்கார்ந்து பேசுகிறாள். ஆரோக்கியம் துரையின் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், வாய் திறக்கவில்லை. தன் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு அவள் மலையிறங்குகிறாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவரில் மூன்று போஸ்டர்கள். ஒன்றில் மூடுபனி, ஒற்றைக் குடை, அவன் தோளில் அவள் தலை. தொண்ணூற்றொன்று. இன்னொன்றில் அவன் குதிரைமேல், அவள் பாதையோரத்தில் அண்ணாந்து பார்க்கிறாள். எழுபத்தெட்டு. மூன்றாவதில் மர நாற்காலியில் மாராயி. காலில் சேறு, பக்கத்தில் தரையில் கூடை, பின்னால் நிற்கும் ஆரோக்கியம். பதினொன்று.

"இந்தப் பதினொன்னத் தூக்கிடுங்க," என்றார் சுதர்சன் சார்.

"அதுதான் சார் படமே," என்றார் தேவநேசன். "ஆறு வருஷம்."

"ஆறு வருஷத்துக்கு நான் என்ன பண்ண முடியும்? பீரியட் படத்தை விருது இல்லாம எந்த ஓடிடி தளமும் வாங்காது. உங்க ஃபைனான்சியரே சொல்லிட்டார். வியாழக்கிழமை நடுவர் காட்சி. திங்கள் காலைல முடிவு சொல்லுங்க, செவ்வாய்க்குள்ள சாவை எடுத்துடலாம்."

நான் கேட்டேன். "செத்தா நல்லாருக்கும்னு யார் சார் சொல்றாங்க? எந்தத் தொகுதி நிழல்கள்?"

அவர் விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தொகுதி ஒன்பது. வடமாவட்ட உழைக்கும் பெண்கள். நடுவர்களும் சாவுக்குக் கொஞ்சம் சாயறாங்க. ஆனா உன் ஆளுங்கதான் அஞ்சு, தூக்கிக் குடுக்குறாங்க. நாயகி சாகலேன்னா அவங்களுக்குப் படமே ஏறாது. எட்டு வருஷமா அப்படித்தான்."

"அஞ்சுகம்," என்றேன். "அஞ்சு இல்ல."

"ஓகே, அஞ்சுகம். துக்கம் அவங்களுக்கு ஒரு விடுதலை. கேத்தார்சிஸ். நீயே போன மாசம் நோட்ஸ்ல எழுதியிருக்கியே."

எழுதித்தான் இருந்தேன். எண் வந்தது, காரணம் எழுதினேன். ஆனால் எங்கள் சூளையில் சாவு விழுந்தால் அழுவதற்கு அரை நாள்கூடக் கிடைக்காது. அப்படிப்பட்ட ஜனம் காசு கொடுத்துச் சாவைப் போய்ப் பார்க்கும் என்று எழுதியபோதே எனக்குள் ஏதோ நெருடியது. இப்போது அது நன்றாகவே குத்தியது.

"பழைய பதிவை நான் பாக்கணும் சார். எண்ணை இல்ல. அரங்கத்துல எடுத்த வீடியோவ."

"அதை யாரும் பாத்ததில்லையே."

"அதான் கேக்குறேன்."

தேவநேசன் அப்போதுதான் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

வீடியோ கிடைத்தது. இருட்டிலும் பார்க்கும் கேமரா. ஆட்கள் பச்சையாகத் தெரிந்தார்கள். நுங்கம்பாக்கத்துப் பக்கம் பெரிய தியேட்டர். மெத்தை இருக்கைகள். நாற்பது பெண்கள். வேனில் கூட்டி வந்திருக்கிறார்கள். என் வயது இருக்கும்போது என் அம்மா எப்படி இருந்திருப்பாளோ அப்படி நாற்பது பேர்.

பட்டையின் அளவுகள் ஒரு பக்கம், பெண்களின் அசைவுகள் ஒரு பக்கம். அசைவுகளுக்கெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் பெயர் சூட்டியிருந்தார்கள். முந்தானையால் தோளை மூடினால் துக்கம். கையை அக்குளில் வைத்துக்கொண்டால் அடக்கிவைத்த துக்கம். பல் கிட்டித்தால் கோபம் கலந்த துக்கம். எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் தாங்க முடியாத துக்கம், அதுதான் உச்சம்.

முதல் படத்தில் நாயகிக்குக் கடைசியில் சாவு. பாதிப் படத்திலிருந்தே முந்தானைகள் தோளுக்கு ஏறின. சாவு வந்தபோது ஒருத்தி விடாமல் போர்த்திக்கொண்டு குறுகிக் கிடந்தார்கள். சிலிர்ப்பு எகிறியது. சரிதான் என்று தோன்றியது. இரண்டாவது படத்தைப் போட்டேன். அது நகைச்சுவைப் படம். ஒருவன் மாமனாருக்குப் பயந்து மாட்டுத் தொழுவத்தில் ஒளிகிறான். அதற்கும் பாதியில் முந்தானை ஏறுகிறது. அதற்கும் சிலிர்ப்பு. அதற்கும் எட்டுப் பேர் வெளியே போய் வந்தார்கள். 'நகைச்சுவையிலும் அடிமனத் துக்கம் கிளறப்படுகிறது' என்று குறிப்பு எழுதியிருந்தது ஒரு மேதை.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றதும் பதிவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

இந்த ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம் அரைமணிக்கொரு தரம் நான் கழிப்பறைக்கு ஓடினேன். மனிதவளப் பிரிவு அக்கா தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா? உள்ள போய் அழறியா?" என்று அன்பாகக் கேட்டார். அக்கா, எனக்கு ஏசி பழக்கமில்லை, குளிருகிறது, மூத்திரம் முட்டுகிறது என்று சொல்ல அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருந்தது.

பதிவு எந்த மாசம் என்று பார்த்தேன். ஐப்பசி. வேறெப்போது இருக்கும்? மழை பிடித்தால்தான் சூளை நிற்கும். சூளை நின்றால்தான் எங்கள் பெண்கள் வேனில் ஏற முடியும். நனைந்த புடவையோடு வந்திருக்கிறார்கள். அரங்கம் பதினெட்டு டிகிரி என்று பதிவிலேயே இருக்கிறது. ஏசிக் காற்று முதலில் விழும் முன்வரிசையில் முதலில் சிலிர்க்கிறது, அப்புறம் பின்வரிசை. துக்கம் வரிசை வரிசையாகவா வரும்?

எட்டு வருஷமாக இந்தத் தமிழ்நாட்டில் ஏழைப்பெண் வேஷம் கட்டியவள் எல்லாம் கடைசி ரீலில் செத்ததற்குக் காரணம், நாற்பது பெண்களுக்கு ஒரு போர்வை கொடுக்க யாருக்கும் தோன்றாததுதான்.

இதை அப்படியே சுதர்சன் சாரிடம் சொன்னேன். தேவநேசனும் இருந்தார். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். சுதர்சன் சாருக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. கோபப்படத் தேவையில்லாத குடும்பத்தில் பிறந்தவர்.

"இன்ட்ரஸ்டிங்," என்றார். "ஆனா ஒண்ணு. எட்டு வருஷமா இதை வச்சு எடுத்த படம் எல்லாம் அங்க ஓடியிருக்கே? உன் ஆளுங்க போய்ப் பாத்திருக்காங்களே?"

"வேற எதைப் போட்டீங்க சார்? தினமும் பழைய சோத்தையே வச்சுட்டு, இவங்களுக்குப் பழைய சோறுதான் பிடிக்கும்னு எழுதி வச்சுக்குறதா?"

"குரலைக் குறைச்சுப் பேசு."

"குறைச்சுப் பேசினா அதுக்கும் துக்கம்னு பேர் வச்சுடுவீங்க."

தேவநேசன் இருமினார். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. நான் விடவில்லை. "ஒரு விஷயம் பாருங்க சார். எட்டு மெய்ப்பாட்டுல இந்தத் தொகுதிக்கு ஏழுதான் ஓடுது. பெருமிதம்ங்குறதை அணைச்சே வச்சிருக்காங்க."

"தரவு வரலன்னு அணைச்சிருப்பாங்க."

"குளிர்ல நடுங்குறவளுக்குப் பெருமிதம் எங்கேந்து சார் வரும்? பட்டையக் குடுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எங்க ஊர்ல காட்டிட்டு வரேன். ஏசி இல்லாம."

சுதர்சன் சார் டீயைக் கீழே வைத்தார். புதிய தரவு என்றால் அவருக்குக் கை அரிக்கும்; அது எனக்குத் தெரியும். "எடுத்துட்டுப் போ," என்றார்.

தேவநேசனும் என்னோடு வந்தார். சித்திரை வெயில். அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக்கூடத்தில் சன்னல்களில் தார்ப்பாயைக் கட்டினோம். மேலே மின்விசிறிகள் கிறுகிறுவென்று ஓடின. ஞாயிறு மதியம் சூளைக்கு ஓய்வு. முப்பது பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள் என் சின்னம்மா பச்சையம்மா.

"இன்னாடி இது, கையில காப்பு மாட்டி வுட்ற? ஜெயிலுக்கா இட்டுக்கினு போற?"

"காப்பு இல்ல சின்னம்மா. நாடி பாக்குறது."

"படம் பாக்க நாடி இன்னாத்துக்கு? நடுவுல பூட்டன்னா ஒங் கம்பேனி பொறுப்பா?"

"நீ போவ மாட்ட. எங்களையெல்லாம் அனுப்பிட்டுத்தான் போவ."

"இவுரு யாரு? மாப்ளையா?" என்று தேவநேசனைப் பார்த்துக் கேட்டாள் எல்லம்மா. கூட்டம் சிரித்தது. ஐம்பது வயது மனுஷர் கூனிக் குறுகிப் போனார்.

முதலில் போஸ்டர்கள். தொண்ணூற்றொன்று வாங்கிய குடைப் போஸ்டரைத் திரையில் போட்டேன். சின்னம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"குடைய அவனே புடிச்சிக்கினு கீறான் பாரு. அவ முதுவு நனையுது."

தேவநேசன் சட்டென்று எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். உண்மைதான். போஸ்டரை வரைந்தவனுக்கும் தெரியவில்லை, அதை ரசித்த ஆறாயிரம் நிழலுக்கும் தெரியவில்லை.

அடுத்து, மெய்ப்பாடு தானாகவே செய்து கொடுத்திருந்த சாவு டிரெய்லர். மாராயி இருமுகிறாள். ஆரோக்கியம் அவளைக் கட்டிப் பிடித்து அழுகிறான். வயலின் கதறுகிறது.

"தே, கசாயம் வச்சுக் குடுக்க ஒரு நாதியில்லையா இவளுக்கு?"

"அவன் இன்னாத்துக்குக் குந்திக்கினு அழுவுறான்? தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுடா பேமானி!"

"ஓடுனா படம் முடிஞ்சிபூடும்ல."

பட்டைகளின் அளவுகளைப் பார்த்தேன். சிலிர்ப்பு இல்லை. அழுகை இல்லை. சிரிப்பு மட்டும் ஏறியது. வயலின் கதறக் கதறச் சிரிப்பு ஏறியது.

பிறகு தேவநேசனின் முழுப் படத்தைப் போட்டேன். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அட்டை கடித்த காலில் மாராயி சுண்ணாம்பு தடவியபோது யாரோ 'ம்ம்' என்றார்கள். காதல் காட்சிகளில் இரண்டு பேர் ஊர்க்கதை பேசினார்கள். அப்புறம் துரையின் அறை வந்தது. மாராயி உள்ளே வருகிறாள். கூடையை இறக்குகிறாள். நாற்காலியைப் பார்க்கிறாள். துரை நிமிர்கிறான். அவள் உட்கார்கிறாள்.

கூடத்தில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எம்மா," என்றாள் எல்லம்மா மெதுவாக. "குந்திட்டா."

நான் பெருமிதம் என்ற கட்டத்தை அன்று காலையிலேயே திறந்து வைத்திருந்தேன். அது எழுந்து, அளவுகோலின் தலையை முட்டிக்கொண்டு நின்றது. வெளியே நாற்பது டிகிரி வெயில். முப்பது பெண்களின் கையிலும் ரோமம் குத்திட்டு நின்றது.

படம் முடிந்ததும் சின்னம்மா பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். கண் கலங்கவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"பிடிக்கலையா சின்னம்மா?"

"பெரிய மேஸ்திரி ஷெட்டுல ஒரு நாற்காலி கெடக்குது பாரு. இருவது வருசமா அதுக்கு எதுர நின்னுக்கினு கீறேன். அது குந்தறதுக்குன்னு எனக்குத் தோணவே இல்லடி." மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். "அந்தப் பய எழுத்தரு, அவன இட்டுக்கினு போவலயில்ல? நல்ல வேலை பண்ணா."

திரும்பி வரும் வழியில் தேவநேசன் போனைக் கையிலேயே வைத்திருந்தார். திருநின்றவூர் தாண்டியதும், "சாவு ஷூட்டிங் வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்," என்றார். சொல்லியும் விட்டார்.

திங்கட்கிழமை சுதர்சன் சார் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. புதுப் பதிவை ஏற்றியதும் எண்கள் குப்புற விழுந்து எழுந்தன. நாற்காலிப் போஸ்டர் எண்பத்தெட்டு. உயிரோடு இறங்கும் மாராயியின் டிரெய்லர் எண்பத்துமூன்று. "இதை வச்சு நூறு கிளையன்ட் பிடிக்கலாம் அஞ்சுகம்," என்றார். பெயரைக்கூட முழுசாகச் சொன்னார்.

விருது மட்டும் முப்பத்துநான்கில் நின்றுவிட்டது.

"ஏன்?" என்றார் தேவநேசன்.

"நடுவர்களோட நிழல் மாறலையே. அவங்க எட்டு வருஷமா செத்த நாயகிகளைப் பாத்தே மார்க் போட்டவங்க. அவங்களுக்கு ஏழைப்பொண்ணு செத்தாத்தான் கலை." சுதர்சன் சார் டீயை உறிஞ்சினார். "கவலைப்படாதீங்க. வழி இருக்கு. இவளே காட்டிக் குடுத்த வழிதான்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன்.

"நடுவர் காட்சி நம்ம அரங்கத்துல. ஏசி நம்ம கையில. மத்த நேரம் இருபத்தஞ்சு. அவ நாற்காலிகிட்ட வரும்போது சட்டுனு பதினெட்டுக்கு இறக்கு. மணிக்கட்டு சிலிர்க்கும். பட்டைக்குக் குளிரா கலையான்னு தெரியாது. அவங்களுக்குமே தெரியாது. 'அந்தக் காட்சியில உடம்பே சிலிர்த்துடுச்சு'ன்னு வெளியில வந்து பேட்டி குடுப்பாங்க. படம் ஜெயிக்கும், மாராயி பொழைப்பா, உனக்கும் சந்தோஷம். நீ கண்டுபிடிச்சது, நீயே பண்ணு."

தேவநேசன் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் அரங்கத்தின் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். கண்ணாடி வழியாகக் கீழே பன்னிரண்டு நடுவர்களின் பின்னந்தலைகள். கோட்டுப் போட்ட ஒரு பேராசிரியர். வைரத்தோடு போட்ட ஓர் அம்மாள், எப்போதோ நடிகையாக இருந்தவர். எல்லார் மடியிலும் வழவழப்பான அட்டையில் நாற்காலிப் போஸ்டர்.

நான் ஏசியை முழுசாக நிறுத்தினேன்.

"என்னம்மா பண்றே?" தேவநேசன் எழுந்துவிட்டார்.

"நிறுத்திட்டேன் சார்."

"இறக்கத்தானே சொன்னார்?"

"குளிர்ல யாருக்கும் சிலிர்க்கும். புழுக்கத்துல சிலிர்த்தா அதுக்கு வேற காரணம் இருக்கணும்."

"அஞ்சுகம், ஆறு வருஷம்மா. என் வீட்டை வித்து எடுத்தது. ஒரு ஏழு டிகிரி... யாருக்கும் தெரியாது."

"எட்டு வருஷமா யாருக்கும் தெரியல சார். அதனாலதான் உங்க மாராயியைச் சாகடிக்கச் சொன்னாங்க." எனக்குக் குரல் உயர்ந்தது, உயரட்டும் என்று விட்டேன். "எங்க ஜனத்தைக் குளிர்ல உக்கார வச்சுட்டு, இதான் உங்க மனசுன்னு எழுதினாங்க. அதையே இவங்களுக்குப் பண்ணி அவ ஜெயிக்கணுமா? அவ அந்த நாற்காலியில உக்காந்ததுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். வேணும்னா நீங்களே பொத்தானை அமுக்குங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் பண்ண மாட்டேன்."

அவர் பொத்தானுக்கு நேரே நின்றார். விரலை நீட்டவும் செய்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். "வணக்கம். ஏசியை நிறுத்தியிருக்கிறோம். குளிர் உங்கள் கையில் இருக்கும் பட்டையை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறோம். வியர்க்கும். படம் முடியும்வரை இப்படித்தான்."

கீழே ஒரே சலசலப்பு, ஒலிபெருக்கியில் கேட்டது. "என்ன அநியாயம் இது, மே மாசத்துல!" என்றார் பேராசிரியர். என் போன் துடித்தது. சுதர்சன் சார். நான் எடுக்கவில்லை. படத்தை ஓடவிட்டேன்.

அரைமணியில் கோட்டுகள் கழன்றன. திரையில் மலையெல்லாம் பனி கொட்டுகிறது. கீழே நடுவர்கள் வெந்துகொண்டிருந்தார்கள். போஸ்டர் அட்டைகளையே எடுத்து விசிறிக்கொண்டார்கள். பன்னிரண்டு மாராயிகள் இடதும் வலதுமாக ஆடினார்கள். எழுந்து போய்விடுவார்களோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். யாரும் போகவில்லை. ஆனால் விசிறல் நிற்கவில்லை. ஆரோக்கியம் முதல்முறை மாராயியின் கையைப் பிடிக்கும்போதும் விசிறினார்கள். காய்ச்சலில் குழந்தை சாகும்போதும் விசிறினார்கள். தேவநேசன் அதைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தார்.

துரையின் அறை வந்தது. மாராயி கூடையை இறக்கினாள்.

முதலில் நின்றது வைரத்தோடு அம்மாளின் கை. அட்டை பாதி வழியில் அப்படியே நின்றது. அப்புறம் அவருக்குப் பின்னால் இருந்தவர். அப்புறம் இந்தப் பக்கம் மூன்று பேர். மாராயி நாற்காலியில் முழுசாகச் சாய்ந்தபோது அரங்கத்தில் ஓர் அட்டைகூட ஆடவில்லை. வியர்வை பிடரியில் வழிந்தது. துடைக்கக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை.

தேவநேசன் என் தோளைப் பிடித்தார். "எண்? எண்ணைப் பாரும்மா!"

பார்த்தேன். பன்னிரண்டு கட்டத்திலும் ஒன்றுமே இல்லை. வெறும் கோடு. வியர்வையில் பட்டைகள் வழுக்கித் தோலைவிட்டு நழுவிவிட்டன. எங்கள் சமுதாயக்கூடத்தில் விசிறி இருந்தது. சுற்றியும் அடைத்த இந்தப் பெட்டியில் அது இல்லை. இதை நான் யோசிக்கவே இல்லை.

"போச்சு," என்றார் தேவநேசன். "பாதி மார்க் போச்சு."

"போகல சார். பட்டை வேலை செய்யலேன்னா முழு மார்க்கையும் அவங்க கூடிப் பேசித்தான் போடணும். விதியில அப்படித்தான் இருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் அந்த நிலைமை வரல, அவ்வளவுதான்."

படம் முடிந்து விளக்கு எரிந்தது. விஷயத்தைக் கீழே சொன்னேன். நடுவர்கள் பட்டையைக் கழற்றி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலையே," என்றார் வைரத்தோடு அம்மாள். "பழக்கம் விட்டுப் போச்சு."

"சும்மா சொல்லுங்கம்மா," என்றார் பேராசிரியர். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "அந்தப் பொண்ணு உக்காந்தப்போ விசிறுறத நிறுத்தினீங்களே. ஏன்?"

"நீங்களும்தான் நிறுத்தினீங்க."

"நான் நிறுத்தினேனா?"

போன் மறுபடியும் துடித்தது. இந்தமுறை எடுத்தேன்.

"எண் எங்க?" என்றார் சுதர்சன் சார். அவர் குரலில் கோபத்தை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். "மெய்ப்பாட்டுல ஒண்ணுமே வரலையே, எண் எங்க?"

கீழே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாமவர் குறுக்கே புகுந்து "இல்லை, இல்லை" என்றார்.

"இன்னும் வரல சார்," என்றேன். "பேசிக்கிட்டு இருக்காங்க."